முப்பத்துநாலு சதுர மீற்றர்

ரயில் கம்பனியின் காணிப் பிரிவிலிருந்து வந்த கடிதத்தை டெஸ்மன்ட் முழுதாகக்கூடப் படிக்கவில்லை. அதற்குள்ளேயே வேண்டாம் என்று முடிவெடுத்துவிட்டார். கடிதத்தில் என்ன இருக்கிறது என்பது பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதல் தடவை கேட்கிறார்கள், ஆகவே வேண்டாம். அவ்வளவுதான்.

அவரைக் குறை சொல்ல முடியாது. மன்னார் பசாரில் புடவைக்கடை வைத்திருந்தவரின் மகன். அங்கே ஒருவர் சொன்ன முதல் வார்த்தைக்கே சரி என்று தலையாட்டினால், ஆளுக்குச் சுகமில்லையோ என்று பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்ப்பார். வேண்டாம் என்பதுதான் பேச்சின் ஆரம்பம். முகத்தைச் சுளித்து, துணியைத் தள்ளிவிட்டு, வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கி நடக்க வேண்டும். பின்னாலிருந்து கூப்பிடுவார்கள். கூப்பிட்ட பிறகுதான் வியாபாரம். டெஸ்மன்டுக்கு இப்போது அறுபத்திரண்டு வயது. அதில் முப்பத்தைந்து வருடம் சுவிஸில் போனது. ஆனாலும் அவருடைய தலைக்குள் அந்தத் தெருவின் சட்டம்தான் நடந்தது.

கடை இருந்தது சோலோதுர்னிலிருந்து இருபது நிமிடத் தூரத்தில், ஒரு சின்ன நகரத்து ஸ்டேஷனின் பின்பக்கத்தில். ஒரு காலத்தில் சரக்கு இறக்கிய கொட்டகை. அதை ரயில் கம்பனியிடம் வாடகைக்கு எடுத்து இருபத்தொரு வருடமாக அரிசி, மரக்கறி, கருவாடு, இடையில் கொஞ்சக் காலம் ரெலிபோன் காட், கொஞ்சக் காலம் படக் கொப்பி என்று அந்தந்தக் காலத்துக்கு எது போகிறதோ அதை விற்றுவந்தார்.

நாலு வருடத்துக்கு முன் அதிவேக ரயில் இந்த ஸ்டேஷனிலும் நிற்கத் தொடங்கியது. சூரிச்சுக்கு நாற்பது நிமிடம், பேர்ணுக்கு அதைவிடக் குறைவு. அன்றைக்கு டெஸ்மன்ட் கடைக்கு வந்த எல்லோருக்கும் வடை கொடுத்தார். வேகமான ரயில் ஆட்களைக் கொண்டுவரும் என்பது அவருடைய நம்பிக்கை. கொண்டும் வந்தது, இரவு படுத்து எழும்புவதற்கு மட்டும். காலை ஆறரைக்கு முதுகில் பையைப் போட்டுக்கொண்டு ஓடினார்கள், மாலை ஏழுக்குக் காதில் எதையோ செருகிக்கொண்டு வந்தார்கள். கடையின் பழைய சனமோ அதே ரயிலில் ஏறிச் சூரிச்சில் இருக்கிற பெரிய தமிழ்க் கடைகளுக்குப் போய்ப் பை நிறையச் சாமானோடு திரும்பியது. தண்டவாளம் இரண்டு பக்கமும் போகும் என்பதை வடை சுட்ட நேரத்தில் அவர் யோசிக்கவில்லை.

ரயில் நின்றால் ஸ்டேஷனைச் சுற்றிக் கட்டடம் எழும்பும். இப்போது கொட்டகையை இடித்து, அந்தக் காணியில் மூன்று அடுக்குமாடிக் கோபுரங்களும் நடுவில் ஒரு சதுக்கமும் வரப்போகின்றன என்பதுதான் கடிதத்தின் சாரம்.

"மச்சான், நல்ல இடமடா," என்றார் குகநாதன். பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். யாருக்கு ஜெர்மன் கடிதம் வந்தாலும் வெள்ளிக்கிழமை பின்னேரம் டெஸ்மன்டின் கடையில் அரிசி மூட்டைக்கு மேல் உட்கார்ந்து வாசித்துச் சொல்வார். "பி எண்ட கட்டடம். கீழ்த்தளம். முப்பத்துநாலு சதுர மீற்றர். சதுக்கத்தைப் பாத்த கண்ணாடி. கன காலம் வாடகைக்கு இருக்கிறபடியால் முதல் உரிமை உங்களுக்கு எண்டு எழுதியிருக்கிறாள். பிறவ் சிம்மர்லி எண்டு கையெழுத்து."

"முப்பத்துநாலோ? என்ர மூண்டு ஃப்றீசரும் உள்ளுக்கு நிண்டால் நான் வெளியில நிக்கவேணும்."

"அப்ப நாப்பத்தைஞ்சு தாங்கோ எண்டு கேள். இஞ்ச பார், உன்ர குறிப்பை எழுத நாலு கோடு விட்டிருக்கு."

"நான் கேக்கிறதோ?" டெஸ்மன்ட் கத்தரிக்காய்ப் பெட்டியைத் திறந்தபடி சிரித்தார். "கேட்டால் எனக்குத் தேவை எண்டு விளங்கிப்போடும்."

"உனக்குத் தேவைதானேடா."

"அது உனக்குத் தெரிஞ்சால் காணும். அவளுக்கு என்னத்துக்கு?"

கடிதத்தோடு வந்த படிவத்தில் இரண்டு பெட்டிகள் இருந்தன. ஆர்வம் உண்டு, ஆர்வம் இல்லை. டெஸ்மன்ட் இரண்டாவது பெட்டிக்குள் ஒரு புள்ளடி போட்டார். நாலு கோட்டையும் வெறுமையாக விட்டார். அந்த வெறுமையில் தன்னுடைய முழுத் திறமையும் இருப்பதாக அவருக்குத் தோன்றியது.

"டேய், இவங்களுக்கு இல்லையெண்டால் இல்லையெண்டுதான் விளங்கும்," என்றார் குகநாதன்.

"நீ பஸ் ஓட்டின ஆள். ஏறுறவன் ரிக்கற் எடுப்பான், இறங்கிப் போவான். உனக்கு வியாபாரம் தெரியாது."

பத்து நாளில் பதில் வந்தது. இந்த முறை குகநாதன் வாசிக்க நேரம் எடுக்கவில்லை. இரண்டே வரி. தெளிவான பதிலுக்கு நன்றி, உங்கள் முடிவை மதிக்கிறோம்.

"பாத்தியோ!" என்றார் டெஸ்மன்ட். "பத்தே நாள். பதறுறாங்கள்."

குகநாதன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கோடை முழுவதும் டெஸ்மன்ட் செவ்வாயும் வியாழனும் நல்ல சேட் போட்டுக்கொண்டு கடைக்கு வந்தார். திங்கள் ரயில் கம்பனிக்காரருக்குக் கூட்டம் இருக்கும், புதன் பாதிப்பேர் வேலைக்கு வருவதில்லை, வெள்ளி மத்தியானத்தோடு வீட்டுக்குப் போய்விடுவார்கள். வந்தால் செவ்வாய் அல்லது வியாழன்தான் வரவேண்டும். பிறவ் என்றால் திருமதி என்பதற்கு மேல் பிறவ் சிம்மர்லி எப்படி இருப்பார் என்று தெரியாததால், கண்ணாடிக்கு வெளியே கையில் காகிதக் கோவையோடு போன பெண்கள் எல்லோரும் கொஞ்ச நேரம் பிறவ் சிம்மர்லியாக இருந்துவிட்டுப் போனார்கள்.

கடையில் பேசுவதற்கு ஆள் குறைந்துகொண்டே வந்தது. அவருக்கு வியாபாரம் குறைவதைவிட அதுதான் பெரிய துக்கம். முருங்கைக்காய்க்கு எப்போதும் ஒரு சொட்டு விலை கூட்டித்தான் எழுதி வைப்பார். "அண்ணை, என்ன இது, தங்கத்திலயோ காய்ச்சது?" என்று யாராவது கேட்க வேண்டும். "தங்கச்சி, உமக்காகக் குறைக்கிறன், வெளியில சொல்லிப்போடாதையும்" என்று இவர் சொல்ல வேண்டும். அந்த ஐந்து நிமிடத்துக்காகத்தான் அந்த ஒரு சொட்டு. இப்போது வருகிற இளசுகள், இங்கேயே பிறந்த பிள்ளைகள், எழுதியிருக்கிற விலையை ரெலிபோனைக் காட்டிக் கட்டிவிட்டு "நன்றி அங்கிள்" என்று போய்விடுவார்கள். ஏமாற்றியது போல ஆகிவிடும் இவருக்கு. பின்னால் ஓடிப்போய் ஒரு பிடி கறிவேப்பிலையைப் பைக்குள் போட்டுவிட்டு வருவார்.

வீட்டிலும் பேச ஆளில்லை. மகள் லாரா சூக் நகரத்தில் வேலை பார்க்கிறாள். குழந்தை பிறந்து அவளுடைய லீவு முடிந்ததும், பார்த்துக்கொள்ள மனைவி பெர்னடெற் போனார். திங்களிலிருந்து வியாழன் வரை என்றுதான் பேச்சு. பிறகு வெள்ளி சேர்ந்தது. பிறகு சனி வந்து ஞாயிறு போவது அலைச்சல் என்று ஆனது. கடைசியில் ஞாயிறு பூசையையும் பெர்னடெற் சூக்கிலேயே பார்த்துக்கொண்டார்.

அந்த ஓகஸ்டில் பேரனின் பிறந்தநாளுக்குப் போனபோது லாரா கேட்டாள். "அப்பா, நீங்களும் வந்து எங்களோட இருங்கோவன். அறை ஒண்டு சும்மாதானே கிடக்கு."

"எனக்கென்னம்மா. எனக்குக் கடை இருக்கு," என்றார் டெஸ்மன்ட்.

சொல்லிவிட்டுக் கேக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். குறைந்தது இன்னும் இரண்டு தடவை கேட்க வேண்டும். மூன்றாம் தடவை கேட்டால் கொஞ்சம் யோசித்து, வாரத்தில் இரண்டு நாள் என்று தொடங்கலாம் என்று நினைத்திருந்தார்.

"ஓகே அப்பா, எனக்கு விளங்குது," என்றாள் லாரா. அன்பாகத்தான் சொன்னாள். இந்த நாட்டுப் பள்ளிக்கூடத்தில், ஒருவர் வேண்டாம் என்றால் வற்புறுத்தக் கூடாது என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அடுத்த முறை அவர் போனபோது அந்த அறையில் பெரிய மேசையும் இரண்டு கணினித் திரைகளும் இருந்தன.

"நல்ல மேசை," என்றார் டெஸ்மன்ட்.

ஒக்டோபரில் கம்பங்கள் முளைத்தன. இந்த நாட்டில் கட்டடம் கட்டுவதற்கு முன் அதை வானத்தில் கீறிக் காட்ட வேண்டும். எந்த மூலையில் எந்த உயரத்துக்குச் சுவர் வருமோ அங்கே ஒரு அலுமினியக் கம்பம். உச்சியில் மூலை எந்தப் பக்கம் திரும்பும் என்று காட்டும் ஒரு முழங்கை. முப்பது நாள் அது நிற்கும். ஆட்சேபணை உள்ளவர்கள் அதற்குள் எழுதிப் போடலாம். ஒரே கிழமைக்குள் கொட்டகையைச் சுற்றி, காற்றால் கட்டிய மூன்று கோபுரங்கள் எழும்பி நின்றன.

"கடையை விரிச்சுக் காட்டுறாங்கள்," என்றார் டெஸ்மன்ட். "இனி என்னைக் கூப்பிடவேணும்."

"நீ ஒருக்கா ரெலிபோன் எடடா அவளுக்கு," என்றார் குகநாதன். அவருடைய குரலில் வழமையான கிண்டல் இல்லை. காரணம் இருந்தது. ரயில் நிற்கத் தொடங்கியதிலிருந்து ஸ்டேஷனைச் சுற்றியிருந்த பழைய வீடுகளையெல்லாம் உடைத்துப் புதுப்பிக்கிறார்கள். குகநாதன் குடியிருந்த கட்டடத்துக்கும் வெளியேறச் சொல்லிக் கடிதம் வந்துவிட்டது. ஷாஃப்ஹவுசனில் மகன் சயந்தன் பக்கத்திலேயே ஒரு வீடு பார்த்து வைத்திருந்தான்.

"நீ ஓம் எண்டிட்டியோ?"

"ஓம் எண்டிட்டன். அவன் ஒருக்காத்தான் கேட்டவன்."

"ஒருக்காக் கேட்டதுக்கோ?"

"எனக்கு எழுபது வயசடா. ரெண்டாம் தரம் கேக்கும் வரைக்கும் நிக்க நேரமில்லை." குகநாதன் மூட்டையிலிருந்து எழுந்து, அது தன் உடம்புக்குப் பள்ளமாகிப் போயிருந்ததைக் கையால் தட்டிச் சமப்படுத்தினார். "நீ எடு. வெக்கப்படாமல் எடு."

"இன்னும் ஒரு கிழமை பாப்பம்."

குகநாதன் நவம்பர் முதலாம் கிழமை போனார். டெஸ்மன்ட் ரெலிபோன் எடுக்கவில்லை. எடுப்பதற்குப் பதிலாக, கடையைப் பூட்டிய பின் தினமும் கம்பங்களுக்கு இடையில் போய் நின்றார். பி கட்டடத்தின் கீழ்த்தளம் சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் வருகிறது என்று நகரசபைப் பலகையில் பார்த்துத் தெரிந்துகொண்டார். காலடியால் அளந்தார். இங்கே அரிசி. இங்கே மரக்கறி, வெளிச்சம் படுகிற பக்கம். ஒரு ஃப்றீசரை விற்றுவிட்டால் மற்ற இரண்டும் பின்சுவரோடு போகும். கஷ்டப்பட்டால் இரண்டு கதிரையும் போடலாம். முப்பத்துநாலு அவ்வளவு சின்னதும் இல்லை என்று அவருக்குப் பட ஆரம்பித்தது. அதை யாருக்கும் சொல்லவில்லை. சொல்வதற்கு யாரும் இல்லாததால் இரகசியம் காப்பது சுலபமாக இருந்தது.

"மன்னிக்கவும்," என்றாள் ஒரு நாள் ஒரு பெண். சைக்கிளை எடுக்க வேண்டுமாம். டெஸ்மன்ட் தன் கடையின் நடுவிலிருந்து விலகி அவளுக்கு வழி விட்டார்.

முப்பது நாள் முடிந்து கம்பங்களைக் கழற்றிக்கொண்டு போனார்கள். நத்தார் வந்து போனது. பெப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை பின்னேரம் கடைக் கதவு திறந்தது. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண், கையில் ஒரு தட்டைக் கணினி. பெயரைச் சொன்னார். பிறவ் சிம்மர்லி.

டெஸ்மன்டின் நெஞ்சு அடித்த அடி கல்லாப்பெட்டிக்குக் கேட்டிருக்கும். முகத்தை மட்டும் அசையவிடவில்லை. நல்ல சேட்தான் போட்டிருந்தார்.

"தேத்தண்ணி குடிக்கிறீங்களோ?" என்று தன் கடை ஜெர்மனில் கேட்டார்.

"இல்லை, நன்றி."

"இஞ்சி போட்டது."

"மிகவும் நன்றி, வேண்டாம்."

மூன்றாம் தடவை கேட்காமலே ஊற்றிக் கொண்டுவந்து வைத்தார். பிறவ் சிம்மர்லி கோப்பையை ஒரு முறை பார்த்தார், அவரை ஒரு முறை பார்த்தார், பிறகு கணினியைத் திறந்தார். கொட்டகையை ஒப்படைக்கும் நாளைப் பற்றிப் பேச வந்திருந்தார். ஏப்ரல் முப்பது. பூட்டுகளுக்கு எத்தனை திறப்பு இருக்கிறது, குளிர்சாதனங்களை யார் கழற்றுவது, மின்சாரத்தை எப்போது வெட்டலாம்.

டெஸ்மன்ட் காத்திருந்தார். பேச்சை வேறெங்கோ தொடங்குவதும் ஒரு முறைதான். அவருடைய தகப்பனார் துணியைப் பற்றிப் பேசுவதற்கு முன் மழையைப் பற்றிப் பேசுவார். ஆனால் பிறவ் சிம்மர்லி கேள்விகளை முடித்துக் கணினியை மூடிவிட்டார்.

"அந்த முப்பத்துநாலு சதுர மீற்றர்," என்றார் டெஸ்மன்ட், மரக்கறிப் பெட்டியில் எதையோ தேடுவது போல. "அதுக்கு ஆக்கள் வந்ததோ?"

"ஓ, அதுவா? உடனேயே போய்விட்டது. நீங்கள் பதில் அனுப்பி இரண்டு கிழமையில். நாய்களுக்கு முடி வெட்டுகிற ஒரு நிலையம்."

"நாய்க்கோ?"

"நிறையப் பேர் கேட்டிருந்தார்கள். முதலில் உங்களைத்தான் கேட்டோம்." அவர் முகத்தில் உண்மையான வருத்தம் இருந்தது. "நான் எதிர்பார்த்தேன், திரு. டெஸ்மன்ட். உங்கள் கடை அங்கே வர வேண்டும் என்று கூட்டத்தில் நான்தான் கதைத்தேன். சதுக்கத்தில் ஆட்கள் வந்து நிற்கிற மாதிரி ஒரு கடை வேண்டும் என்று. ஆனால் நீங்கள் வேண்டாம் என்றீர்கள்."

"நான் வேண்டாம் எண்டால்..." டெஸ்மன்ட் நிறுத்தினார். இதை ஜெர்மனில் எப்படிச் சொல்வது? தமிழிலும் யாரும் சொன்னதில்லை, சொல்லத் தேவைப்படவில்லை. "எங்கட இடத்தில ஒராள் வேண்டாம் எண்டு போனால், பின்னால கூப்பிடுவினம்."

"ஏன்?" என்றார் பிறவ் சிம்மர்லி. கிண்டலாக இல்லை. தெரிந்துகொள்ளவே கேட்டார்.

"அவர் போகேல்லை. நடக்கிறார், அவ்வளவுதான்."

பிறவ் சிம்மர்லி கணினியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "இங்கே ஒருவர் நடந்து போனால், அவருக்குப் போக வேண்டியிருக்கிறது என்று நினைப்போம். கூப்பிட்டால் தொந்தரவு செய்தது போல ஆகும்." கை கொடுத்தார். தன்னுடைய ரயிலுக்கு இன்னும் எட்டு நிமிடம் இருக்கிறது என்றார். போனார்.

டெஸ்மன்ட் வாசலில் நின்று பார்த்தார். பிறவ் சிம்மர்லி சுரங்கப்பாதையை நோக்கி நடந்தார். தெருவில் இறங்கியவர்களை ஆயிரம் தடவை பார்த்த கண் டெஸ்மன்டுடையது. கூப்பிடட்டும் என்று நடக்கிறவரின் தோளில் ஒரு தயக்கம் இருக்கும், செருப்பில் ஒரு இழுவை இருக்கும். இந்தத் தோளில் ஒன்றும் இல்லை. ரயிலுக்குப் போகிற தோள். கடைக்காரர்தான் முதலில் இறங்கிவர வேண்டிய சந்தர்ப்பம் என்று ஒன்று உண்டு. தகப்பனாருக்கு அது வாழ்க்கையில் இரண்டே தடவை வந்தது. இரண்டு தடவையும் அவர் அன்றிரவு சாப்பிடவில்லை.

"பிறவ் சிம்மர்லி!"

குரல் அவர் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது. அந்தப் பெண்மணி திரும்பினார். டெஸ்மன்ட் வெறும் சேட்டோடு அந்தக் குளிருக்குள் ஓடிப்போனார்.

"எனக்கு இடம் வேணும்," என்றார். மூச்சு வாங்கியது. "நாய்க்குப் பக்கத்தில எண்டாலும் பரவாயில்லை. எந்த இடம் எண்டாலும். எனக்கு வேணும்."

இப்படி ஒரு வசனத்தை அவர் எந்த மொழியிலும் சொன்னதில்லை. பிறவ் சிம்மர்லி கையுறையைக் கழற்றிக் கணினியைத் திறந்து, விரலால் கன நேரம் தேடினார். பனி திரையில் விழுந்து நீரானது.

"கட்டடங்களுக்குள் ஒன்றும் இல்லை," என்றார். "சதுக்கத்தில் சனிக்கிழமைச் சந்தை வரும். அதில் ஒரு மேசை இருக்கிறது. மூன்று மீற்றர். கூரை கிடையாது, மின்சாரம் கிடையாது. சதுக்கம் திறந்த பிறகுதான், மூன்று வருடம் ஆகும். வேண்டுமானால் மாத முடிவு வரை யோசித்து..."

மூன்று மீற்றரோ, ஐந்து தாங்கோ, கூரை இல்லாமல் மழைக்கு என்ன செய்யிறது, மூன்று வருடம் நான் எங்கே போறது: அறுபது வருடப் பழக்கம் அவருடைய நாக்கின் கீழ் வரிசையாக வந்து நின்றது.

"ஓம்," என்றார் டெஸ்மன்ட். தமிழில் சொன்னது நினைவு வந்து, "யா, யா" என்றார்.

"நிச்சயமாகவா?"

"யா."

பிறவ் சிம்மர்லி அவருடைய பெயரைப் பதிந்தார். எழுத்துக்கூட்டிச் சரிபார்த்தார். நன்றி சொல்லி, இந்த முறை சிரித்து, சுரங்கப்பாதைக்குள் இறங்கிப் போனார். மேலே ரயில் வந்து நின்று, இரண்டு நிமிடத்தில் சத்தமில்லாமல் போய்விட்டது. எல்லாம் முடிந்துவிட்டது. இழுபறி இல்லை, சத்தியம் இல்லை, நஷ்டப்பட்டேன் என்று யாரும் நெற்றியில் அடிக்கவில்லை. இருபத்தொரு வருடத்துக் கடை மூன்று மீற்றரானதற்கு ஒரு தும்மல் நேரம்கூட எடுக்கவில்லை.

கடைக்குள் வந்து அடுக்குகளுக்கு முன்னால் நின்றார். ஃப்றீசர்கள் மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக உறுமின. ரெலிபோனை எடுத்துச் சூக்குக்கு அடித்தார்.

"இஞ்சருங்கோ, பிள்ளையைக் குளிக்க வாக்கிறன்," என்றார் பெர்னடெற். பின்னால் தண்ணீர்ச் சத்தமும் பேரனின் கூச்சலும். "அவசரமோ?"

"இல்லையில்லை. சும்மாதான்."

"அப்ப பிறகு எடுக்கட்டோ?"

"ஓம் ஓம், பிறகு..." வாய் அவரைக் கேட்காமலே சொல்லிக்கொண்டு போனது. டெஸ்மன்ட் கல்லாப்பெட்டியைப் பிடித்துக்கொண்டார். "பெர்னடெற், ரெலிபோனை வையாதையும். இப்ப கதையும்."

"என்னப்பா? சுகமில்லையோ?"

"சுகமாத்தான் இருக்கிறன்," என்றார் டெஸ்மன்ட். "தனிய இருக்கிறன். எனக்கு ஏலாமல் கிடக்கு."

மறுபக்கத்தில் பெர்னடெற் குழாயை மூடியிருக்க வேண்டும். தண்ணீர்ச் சத்தம் நின்றது. பேரன் மட்டும் எதையோ தண்ணீரில் அடித்துக்கொண்டிருந்தான். டெஸ்மன்ட் ரெலிபோனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றார்.